நீச்சல் எலி, ஐசோபிரனலின் எலி: ரெண்டிலும் மிர்-133 இறங்கினால் எதை வைத்துப் பிரிப்பது?

உதகை_இடதுஅறை:

வணக்கம். முதுநிலை மருந்தியல் ஆய்வு, ஊட்டியில் நடக்கிறது. மிர்-133 போன்ற மைக்ரோஆர்என்ஏக்களை (புரதம் செய்வதைக் குறைக்கும் குட்டி ஆர்என்ஏ துணுக்குகள்) வைத்து, பயிற்சியால் வரும் நல்ல இதய வளர்ச்சியையும் நோயால் வரும் கெட்ட வீக்கத்தையும் பிரிக்கப் பார்க்கிறோம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஸ்டார் ஆண் எலிகள், குழுவுக்கு 6. முதல் குழு சும்மா இருப்பது. இரண்டாவது நீச்சல்: நாளைக்கு 60 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம், வாலில் உடல் எடையில் 5% பாரம். மூன்றாவது ஐசோபிரனலின் (அட்ரினலின் போல இதயத்தை முடுக்கும் மருந்து): கிலோவுக்கு 85 மி.கி., தோலடியில், 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசி, மறுநாள் இதயம் எடுத்தாயிற்று. இரண்டு குழுவிலும் இதய எடை / உடல் எடை விகிதம் ஏறியிருக்கிறது. இடது வென்ட்ரிக்கிள் நுனியிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, யூ6-ஐ (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சிறு ஆர்என்ஏ) அடிப்படையாக வைத்து க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) போட்டோம்.

குழப்பம் இதுதான்:

மிர்-133a, மிர்-1 இரண்டும் நீச்சல் குழுவிலும் இறங்கியிருக்கிறது, ஐசோபிரனலின் குழுவிலும் இறங்கியிருக்கிறது. "133 இறங்கினால் கெட்ட வீக்கம்" என்று சொல்லித்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அப்படியானால் நீச்சல் இதயமும் கெட்டதா?

ஐசோபிரனலின் குழுவில் ஆல்ஃபா மயோசின் (தசையைச் சுருக்கும் புரதம்) எம்ஆர்என்ஏ (புரதம் செய்யப் போகும் நகல்) குறைந்திருக்கிறது. அதே மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கும் மிர்-208a மட்டும் அசையவே இல்லை. பிரைமர் (சோதனையில் இலக்கைப் பிடிக்கும் டிஎன்ஏ துணுக்கு) கோளாறா?

மிர்-21 ஐசோபிரனலினில் ஏறியிருக்கிறது. இதை நம்பலாமா?

அடுத்த கட்டமாக கூடலூர், ஊட்டி நோயாளிகளிடம் பிளாஸ்மா எடுக்கும் திட்டமும் உண்டு. அதில் கவனிக்க வேண்டியதையும் சொன்னால் நல்லது. ஒரு தகவல்: எலி வைத்திருக்கும் அறை டிசம்பர், ஜனவரி இரவில் 12 டிகிரி வரை இறங்கும். தொட்டி நீரை இம்மர்ஷன் ராடு போட்டுச் சூடாக்கி ஊற்றுகிறோம்.

---

மலைரயில்:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். அதுதான் மற்றதெல்லாம் தொங்கும் ஆணி.

133 இறங்குவது கெட்ட வீக்கத்தின் அடையாளம் என்று யார் சொன்னாலும் அது பாதிப் பேச்சு. 2007-ல் வந்த மூல ஆய்விலேயே, பெருந்தமனியை இறுக்கிக் கட்டிய சுண்டெலி, உடற்பயிற்சி செய்த எலி, வீக்கநோய் கண்ட மனித இதயம் எல்லாவற்றிலும் 1-ம் 133-ம் குறைந்திருந்தன. உங்கள் முடிவு அதோடு ஒத்துத்தான் போகிறது. தப்பாக எதுவும் வரவில்லை.

133 செய்யும் வேலை தடுப்பு வேலை. ஆர்ஹோஏ, சிடிசி42 போன்ற வளர்ச்சிப் புரதங்களின் எம்ஆர்என்ஏவை அமுக்கி வைக்கும். தசைச் செல் பருக்க வேண்டுமென்றால் அந்தப் பிடி முதலில் தளர வேண்டும். குன்னூர் ஏற்றத்தில் நிறுத்தின வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கை எடுத்தால்தான் மேலே ஏற முடியும். எடுத்தால்தான் பின்னால் உருளவும் முடியும். ஹேண்ட்பிரேக் எடுத்திருக்கிறது என்பதை வைத்து வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியுமா? 133 சொல்வது "வளர அனுமதி கிடைத்துவிட்டது" என்பதை மட்டும்தான்.

அனுமதி என்பதும் முழு உண்மையில்லை. 133a-வை இதயத்தில் கூட்டி வைத்த சுண்டெலிக்குப் பெருந்தமனியை இறுக்கியபோது பருமன் தடைபடவில்லை, ஆனால் நார்த்திசு குறைந்தது. 133a-வின் இரு மரபணுக்களையும் நீக்கிய சுண்டெலிகளில் ஏறக்குறைய பாதி, இதயச் சுவரில் ஓட்டையோடு பிறந்து செத்தன. பிழைத்தவற்றுக்கு இதயம் தடித்துப் பெருக்கவில்லை, விரிந்து தளர்ந்தது. ஒரே மைக்ரோஆர்என்ஏ, மூன்று விதமாகக் கைவைத்தால் மூன்று விதமான விளைவு. அதனால் ஒற்றை எண்ணை வைத்து இதயத்துக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இதைத்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். உங்கள் மாதிரி தசைச் செல் மட்டும் இல்லை; ஃபைப்ரோபிளாஸ்ட் (நார்த்திசு செய்யும் செல்), ரத்தக்குழாய்ச் செல், ஊடுருவிய வெள்ளையணு எல்லாம் சேர்ந்த கூழ். 1-ம் 133-ம் ஏறக்குறைய முழுக்கத் தசைச் செல்லின் சொத்து. கூழில் தசைச் செல்லின் ஆர்என்ஏ பங்கு 80%-லிருந்து 60% ஆகிவிட்டது என்று வையுங்கள். எந்தத் தசைச் செல்லுக்குள்ளும் எதுவும் மாறாமலே 133 கால்வாசி குறைந்ததாகக் காட்டும். சிடி (க்யூபிசிஆரில் இலக்கு தென்படும் சுற்று எண்; ஒன்று கூடினால் அளவு பாதி) கணக்கில் 0.4 வித்தியாசம், அவ்வளவுதான். குழுவுக்கு 6 எலி வைத்து 0.4 சிடி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பாக எழுதினால் தேர்வாளர் சும்மா விடமாட்டார். கார்டியாக் ட்ரோப்போனின் ஐ (இதயத் தசைச் செல்லின் புரதம்) எம்ஆர்என்ஏவையும் அதே மாதிரியில் அளங்கள். 133-ம் ட்ரோப்போனினும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் நீர்த்துப்போனதுதான் காரணம். 133 அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் விஷயம் இருக்கிறது.

இரண்டு வளர்ச்சியையும் பிரிக்கக் குறைந்தது இவையாவது வேண்டும்:

மிர்-29 குடும்பம். இது கொலாஜன் 1, கொலாஜன் 3, எலாஸ்டின் எம்ஆர்என்ஏக்களை அமுக்கும். மாரடைப்புப் பகுதியை ஒட்டிய தசையில் இது இறங்கும், கொலாஜன் கட்டவிழும். நீச்சல் எலியில் நேர் எதிர்: 29c ஏறி, கொலாஜன் குறையும். உங்களுடைய இரண்டு குழுவையும் எதிரெதிர்த் திசையில் இழுக்க வாய்ப்புள்ளது இதுதான்.

மிர்-222. பயிற்சியால் ஏறும், நீச்சல் சுண்டெலியில் இதை முடக்கினால் இதயம் வளர்வதே நின்றுபோகிறது என்று 2015-ல் காட்டினார்கள். ஆனால் இதையே மரபணு மாற்றத்தால் மிகையாகத் திணித்தபோது இதயம் தளர்ந்ததாக இன்னொரு குழு எழுதியிருக்கிறது. ஆகவே "நல்ல மைக்ரோஆர்என்ஏ" என்று பெயர் சூட்ட வேண்டாம்.

மிர்-132/212. ஃபாக்ஸ்ஓ3 என்ற புரதத்தை அமுக்கி, கால்சினியூரின்-என்ஃபாட் என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் பாதையைத் திறந்துவிடும். கெட்ட பக்கத்தின் நல்ல சாட்சி. இதைத் தடுக்கும் ஆன்டிசென்ஸ் (ஒட்டி முடக்கும் எதிர் இழை) மருந்து, இதயத் தளர்ச்சி உள்ள 28 பேரிடம் கொடுத்துப் பார்த்த முதல்கட்ட முடிவு 2021-ல் வந்தது. எலியைத் தாண்டி மனிதர் வரை வந்த சிலவற்றில் இது ஒன்று.

இவற்றோடு பிஎன்பி (அழுத்தத்தில் இதயம் சுரக்கும் ஹார்மோன்) எம்ஆர்என்ஏ, பீட்டா/ஆல்ஃபா மயோசின் விகிதம், பிக்ரோசிரியஸ் ரெட் (கொலாஜனைக் காட்டும்) சாயமிட்ட வெட்டு. இந்த மூன்றும் இல்லாமல் மைக்ரோஆர்என்ஏ பட்டியல் மட்டும் போட்டால் அது அந்தரத்தில் நிற்கும்.

---

பைப்பெட்_குளிர்:

மலைரயில் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி தம்பி, உங்க மாடலே ரெண்டு வேற சமாச்சாரத்தை ஒப்பிடுது.

கிலோவுக்கு 85 மி.கி. ரெண்டு ஊசிங்கிறது வீக்க மாடல் கிடையாது. அது தசை சாகடிக்கிற மாடல், மாரடைப்பு மாதிரி. 48 மணியில நீங்க பார்த்த எடை, நீர் கோர்த்ததும் அழற்சியும்தான் பெரும்பாலும். நீச்சல் பக்கம் 10 வாரத்து வளர்ச்சி. ரெண்டையும் ஒரே படத்துல பட்டையா வரைஞ்சா என்ன அர்த்தம்? வீக்கம் வேணும்னா கிலோவுக்கு 5 மி.கி., தினம் ஒரு தடவை, 7-லிருந்து 14 நாள். டோஸ் மாத்துறீங்கன்னா நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

கரைசலைத் தினமும் புதுசா போடுங்க. 0.1% அஸ்கார்பிக் அமிலம் கலந்த சலைன்ல கரைச்சு, ஃபாயில் சுத்தி, ஐஸ்ல வைங்க. ரோஸ் நிறம் தட்டுச்சுன்னா ஆக்சிஜனேற்றம் ஆயிருச்சு, கொட்டிருங்க. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே அஸ்கார்பிக் சலைன்தான் ஊசி. சும்மா இருக்கிற எலி, ஊசி போட்ட எலிக்குக் கட்டுப்பாடு ஆகாது.

இப்போ குளிர். ஊட்டிக்காரங்க இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

எலிக்கு உடம்பு சூட்டைக் காப்பாத்த எந்தச் செலவும் இல்லாத வெப்பம் 28-30 டிகிரி. வழக்கமான விலங்கறை 22. உங்க அறை 12-க்கு இறங்குதுன்னா ராத்திரி முழுக்க நார்அட்ரினலின் ஓடிட்டிருக்கும், தைராய்டும் கிளம்பும். தைராய்டு ஹார்மோன் ஆல்ஃபா மயோசினைக் கூட்டும், பீட்டாவை அமுக்கும். அதாவது உங்க "சும்மா இருக்கிற" குழுவே ஏற்கனவே ஒரு அழுத்தத்துல இருக்கு. சமவெளி லேப்ல வர்ற எண்ணோட உங்க எண்ணை ஒப்பிடவே கூடாது. ஆயில் ஹீட்டர் போட்டு 22-க்குக் கொண்டுவாங்க. முடியலைன்னா கூட்டுக்குக் காகிதத் துண்டும் மரத்தூளும் தாராளமா போட்டு, நாலு நாலா வைங்க. அதிகபட்சம்-குறைந்தபட்சம் காட்டுற தெர்மாமீட்டரைக் கூண்டு உயரத்துல மாட்டி தினம் எழுதுங்க. சுவத்துல மாட்டினா அது சுவத்தோட சூடு.

தொட்டித் தண்ணி 30-32 டிகிரி இருக்கணும். சுட வெச்சு ஊத்தி விட்டுட்டா ஊட்டிக் குளிர்ல ஒரு மணி நேரத்துல அது எங்கேயோ போயிருக்கும். தொடக்கம், 30-வது நிமிடம், முடிவுன்னு மூணு தடவை அளந்து எழுதுங்க. தெர்மோஸ்டாட் வெச்ச ஹீட்டர், தொட்டி அடியில தெர்மோகோல், பக்கமும் சுத்திக் கட்டுங்க. எலி இருக்கும்போது இம்மர்ஷன் ராடு உள்ளே இருக்கவே கூடாது. முடிஞ்சதும் துண்டால துடைச்சு, சூடான காத்துல காய வெச்சுத்தான் கூண்டுக்கு. ஈர எலியைக் குளிர் அறைக்கு அனுப்பினா நீங்க அளக்கிறது பயிற்சி இல்லை, குளிர் அழுத்தம். கட்டுப்பாட்டு எலிகளையும் வாரம் ரெண்டு நாள் 10 நிமிடம் அதே சூட்டுத் தண்ணியில விடணும்.

பயிற்சி ஏறுச்சான்னு காட்ட கெண்டைக்கால் சோலியஸ் தசையில சிட்ரேட் சிந்தேஸ் (மைட்டோகாண்ட்ரியா நொதி) செயல்பாடு, ஓய்வு நிலை இதயத் துடிப்பு ரெண்டையும் எடுங்க. கடைசி நீச்சலுக்கு அப்புறம் 24-48 மணி விட்டு இதயம் எடுங்க, இல்லைன்னா அன்னைக்கு நீந்தின களைப்புதான் பதிவாகும்.

எடை விகிதத்துக்கு உடல் எடையைத் தூக்கிப் போட்டுட்டு கால் முன்னெலும்பு நீளத்தால வகுங்க. பயிற்சியில எடை இறங்கும், அப்போ இதயம் வளராமலே விகிதம் ஏறும். வலது வென்ட்ரிக்கிளைத் தனியா வெட்டி எடை போடுங்க. வலது / (இடது + நடுச்சுவர்) சாதாரணமா 0.25 பக்கம் இருக்கும். 2,240 மீட்டர்ல நுரையீரல் அழுத்தம் கொஞ்சம் கூடினா முதல்ல தெரியறது அங்கேதான். மொத்த இதயத்தை எடை போட்டா இது இடதோட கலந்து ஏமாத்திரும்.

ஆர்என்ஏ எடுக்கிறதுல நாலு வார்த்தை. சாதாரண ஆர்என்ஏ கிட் 200 நியூக்ளியோடைடுக்குக் கீழ இருக்கிறதைக் கழுவி விட்டுரும், மைக்ரோஆர்என்ஏ 22தான். சின்ன ஆர்என்ஏவைப் பிடிக்கிற கிட்ல 70% எத்தனால் இல்லை, 100% எத்தனால் ஒன்றரை மடங்கு கலக்கணும். பழக்கதோஷத்துல 70% ஊத்தினா மத்த ஆர்என்ஏ அழகா வரும், 133 மட்டும் "குறையும்". ஒரு நாள் ஒருத்தர், இன்னொரு நாள் இன்னொருத்தர்னு எடுத்தா குழு வித்தியாசமே அதுலதான் பிறக்கும். எல்லாக் குழுவையும் ஒவ்வொரு நாளும் கலந்து எடுங்க.

ஆட்டோகிளேவ் விஷயம்: கடல் மட்டத்துல அளவி 15 பவுண்டு காட்டினா உள்ளே 121 டிகிரி. ஊட்டியில காத்தழுத்தமே 11 பவுண்டு சொச்சம்தான், அதனால அதே 15-க்கு உள்ளே 117தான் இருக்கும். 121 வேணும்னா அளவி 18-க்கு மேல போகணும். பாத்திரம் அதைத் தாங்கும்னு தயாரிப்பாளர் எழுதியிருந்தா மட்டும் ஏத்துங்க. வெப்பநிலை உணரி வெச்சு ஓடுற மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எப்படியும் ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைத் தின்னுற நொதி) ஆட்டோகிளேவுக்கு அசையாது. கண்ணாடியை 180 டிகிரி ஓவன்ல ராத்திரி முழுக்க சுடுங்க. வெஸ்டர்ன் (புரதம் பார்க்கிற சோதனை) சாம்பிளைக் கொதிநீர்ல வைக்கிற பழக்கம் இருந்தா, இங்கே தண்ணி 92-93-லேயே கொதிச்சிரும். ஹீட் பிளாக்ல 95 வைங்க.

யூ6 மட்டும் நம்பாதீங்க. வளர்ற செல் ஆர்என்ஏவையே அதிகமா செய்யும், யூ6-ம் அதோட நகரலாம். மூணு அடிப்படை வெச்சு, குழுக்களுக்கு நடுவுல 0.5 சிடிக்கு மேல ஆடாததை எடுத்துக்குங்க.

---

மலைரயில்:

208a கேள்வி விட்டுப்போயிற்று.

பிரைமர் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. 208a ஆல்ஃபா மயோசின் மரபணுவின் இன்ட்ரானில் இருக்கிறது. 208b பீட்டாவில், 499 இன்னொரு மயோசினில். மரபணு அணைந்தால் முன்னோடி வடிவம் உடனே குறையும். ஆனால் முதிர்ந்த 208a இதயத்தில் சாவகாசமாகத்தான் அழியும். அதன் அரை ஆயுள் குறைந்தது 14 நாள் என்று தைராய்டை முடக்கிய எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் மூன்றாவது நாளில் பார்த்தால் பழைய இருப்புதான் தெரியும். கடையை மூடிய மூன்றாம் நாள் கிடங்கில் சரக்கு இருக்கிறதே என்று ஆச்சரியப்படுவது போல. மரபணு ஓடுகிறதா என்று அறிய முன்னோடி வடிவத்துக்கு பிரைமர் போடுங்கள்.

ஆனாலும் பிரைமரைச் சோதித்துக்கொள்வது தவறில்லை. 208a-வுக்கும் 208b-க்கும் 22 எழுத்தில் 3 எழுத்துத்தான் வேறு. அழுத்தத்தில் 208b ஏறும். 208a பிரைமர் அதையும் சேர்த்துப் பிடித்தால், இறங்கியது தெரியாமல் மறைந்துவிடும். செயற்கை 208b-யை மட்டும் வைத்து 208a அஸ்ஸே ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 7 சிடி இடைவெளி வந்தால் நிம்மதி.

208a-வை நீக்கிய சுண்டெலியில் பெருந்தமனியை இறுக்கினாலும் இதயம் பருக்கவில்லை, பீட்டா மயோசினும் ஏறவில்லை என்ற 2007 ஆய்வுதான் இந்தத் துறையைக் கிளப்பிவிட்டது. அதை மனிதருக்கு அப்படியே தூக்கி வைக்காதீர்கள். எலி, சுண்டெலி வென்ட்ரிக்கிள் ஆல்ஃபாவில் ஓடுகிறது. நம்முடைய வென்ட்ரிக்கிள் பிறந்த நாள் முதல் பெரும்பாலும் பீட்டாவில்தான் ஓடுகிறது. ஆகவே மனித மாதிரியில் தேட வேண்டியது 208b.

---

உதகை_இடதுஅறை:

மிக்க நன்றி இருவருக்கும். 85 மி.கி. விஷயம் எங்கள் துறையில் காலங்காலமாக "ஐசோபிரனலின் மாடல்" என்ற ஒரே பெயரில் ஓடுவது. மிர்-21 பற்றி யாராவது?

---

நார்த்திசு:

21 பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. 2008-ல் நேச்சர் இதழில்: ஃபைப்ரோபிளாஸ்டில் 21 ஏறுகிறது, அது ஸ்ப்ரௌட்டி-1 என்ற தடுப்புப் புரதத்தை அமுக்குகிறது, ஈஆர்கே என்ற சமிக்ஞைப் பாதை திறக்கிறது, நார்த்திசு சேர்கிறது, ஆன்டகோமிர் (மைக்ரோஆர்என்ஏவை முடக்கும் துணுக்கு) கொடுத்தால் குறைகிறது என்றார்கள். 2010-ல் வேறொரு குழு, 21-ஐ முழுக்க நீக்கிய சுண்டெலியிலும் நார்த்திசு அப்படியே சேர்கிறது, 8 எழுத்து எல்என்ஏ தடுப்பானும் பலிக்கவில்லை என்றது. முதல் குழு திரும்ப வந்து, தடுப்பானின் நீளமும் வேதியியலும்தான் காரணம், 22 எழுத்து வேலை செய்கிறது, 8 எழுத்து செய்வதில்லை என்றது. பிறவியிலேயே நீக்கினால் உடல் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதும் ஒரு வாதம்.

உங்களுக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். 21 ஏறியது என்பது உண்மையாகவே இருக்கும். அது நார்த்திசுவுக்குக் காரணம் என்று உங்கள் தரவை வைத்து எழுத முடியாது. 85 மி.கி. மாடலில் அழற்சிச் செல்கள் மொய்த்திருக்கும், அவற்றிலும் 21 கொட்டிக் கிடக்கும். "ஃபைப்ரோபிளாஸ்டில் 21 ஏறுகிறது" என்று எழுத வேண்டுமானால் இதயத்தைக் கொலாஜினேஸ் ஓட்டிப் பிரித்து, 50 ஜி விசையில் 2-3 நிமிடம் சுற்றித் தசைச் செல்லைக் கீழே இறக்கி, மேலே நிற்பதைத் தனியாக அளக்க வேண்டும். பிரிக்கும் அந்த ஒரு மணி நேரத்திலேயே செல் அழுத்தத்துக்கு ஆளாகும் என்பதால் கட்டுப்பாட்டு இதயத்தையும் அதே நாளில், அதே நொதித் தொகுதியில் பிரிக்க வேண்டும். நொதித் தொகுதி மாறினால் எல்லாம் மாறும்.

---

தேயிலைக்காற்று:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் இந்தத் துறை இல்லை. மைக்ரோஆர்என்ஏ என்றால் என்ன, ஊட்டியில் குடியிருக்கிற எங்கள் இதயத்தில் இதெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்குமா?

---

மலைரயில்:

வாங்க. மரபணுவிலிருந்து புரதம் செய்ய ஒரு ஆர்என்ஏ நகல் போகும். அந்த நகலில் ஒட்டிக்கொண்டு, புரதம் செய்வதைக் குறைக்கும் 22 எழுத்துத் துணுக்குதான் மைக்ரோஆர்என்ஏ. முதலில் 1993-ல் ஒரு சின்னப் புழுவில் கண்டார்கள். கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல். ஒட்டுவதற்கு முக்கியம் 2-லிருந்து 8 வரையான எழுத்துகள்தான், அதனால் ஒரு துணுக்கு நூற்றுக்கணக்கான நகல்களைத் தொடும். ஒவ்வொன்றையும் கொஞ்சம்தான் குறைக்கும்.

ஊட்டி விஷயம்: இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 580 மி.மீ., கடல் மட்டத்தில் 760. மூச்சுக்குழாய்க்குள் ஆக்சிஜன் அழுத்தம் 149-க்குப் பதில் சுமார் 112. பல்ஸ் ஆக்சிமீட்டர் 93-96 காட்டினால் இந்த உயரத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தால் எச்ஐஎஃப்-1 என்ற புரதம் நிலைத்து, மிர்-210-ஐக் கூட்டும்; அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் செலவைச் சுருக்கும். அது ரத்தம் தடைபட்ட இதயத்தசையில் நடக்கிற அளவுக் குறைவு. தொட்டபெட்டா ஏறி இறங்குவதையும் அதையும் ஒன்றாக்க வேண்டாம். இதய நோய் ஏற்கனவே இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது, அது வேறு பேச்சு.

---

கூடலூர்_லேப்:

பிளாஸ்மா பத்தி யாரும் தொடலை, அதனால நான் சொல்றேன்.

ஊதா மூடி ஈடிடிஏ குழாய் மட்டும். பச்சை மூடி ஹெப்பாரின் (ரத்தம் உறையாம வைக்கிற மருந்து) க்யூபிசிஆரையே கெடுத்துரும். அதைவிட முக்கியம், நெஞ்சுவலின்னு வந்தவங்களுக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே ஹெப்பாரின் ஊசி போட்டிருப்பாங்க. அது உடம்புக்குள்ளேயே இருக்கு, குழாய் எந்த நிறமா இருந்து என்ன பிரயோஜனம்? ஊசிக்கு முன்னாடி எடுங்க. எடுக்க முடியலைன்னா நேரத்தைக் குறிச்சுட்டு, ஆர்என்ஏவை ஹெப்பாரினேஸ்-1 போட்டு ஒரு மணி நேரம் வைங்க. ஹெப்பாரின் மாட்டிய சாம்பிள்ல நீங்க சேர்த்த வெளிக் கட்டுப்பாடும் பிந்தி வரும், அதை வெச்சே கண்டுபிடிக்கலாம்.

முழு ரத்தத்தை ஜீப்புல வெச்சு ஊட்டிக்கு ஏத்தாதீங்க. கொண்டை ஊசி வளைவுல குலுங்கி சிவப்பணு உடையும். எடுத்த இடத்துலயே 1 மணி, அதிகம் போனா 2 மணிக்குள்ள சுத்துங்க. முதல் சுத்து 2,000 ஜி, 10 நிமிடம். ஜி வேற, ஆர்பிஎம் வேற. ரோட்டர் ஆரம் 10 செ.மீ. இருந்தா 2,000 ஜிக்கு 4,200 சுற்று. மேல இருக்கிறதுல அரை செ.மீ. விட்டுட்டு எடுங்க, கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்ச ஆசைப்பட்டா வெள்ளைப் படலம் வந்துரும். ரெண்டாவது சுத்து 16,000 ஜி, 10 நிமிடம், 4 டிகிரி. இது பிளேட்லெட்டுக்கு. விட்டா 223, 126 ரெண்டும் வெள்ளமா வரும், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடறவங்ககிட்ட அது வேற மாதிரி ஆடும். 200 மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 80. பாதைக்கு ட்ரை ஐஸ். பெட்டி மூடியை டேப் போட்டு அடைக்காதீங்க, வாயு போக வழி வேணும்.

வெளிக் கட்டுப்பாடா புழுவோட மிர்-39 போடுவாங்க. லைசிஸ் கரைசலை ஊத்தின பிறகுதான் போடணும். நேரா பிளாஸ்மாவுல விட்டா அதுல இருக்கிற ஆர்என்ஏஸ் ஒரு நொடியில தின்னுரும். ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.6 × 10⁸ பிரதி இருக்கிற கரைசல்ல 3.5 மைக்ரோலிட்டர் போதும்.

ரத்தம் உடைஞ்சதான்னு பார்க்க ரெண்டு வழி. 414 நானோமீட்டர்ல 0.2-க்கு மேல போனா சந்தேகம். இன்னொண்ணு, 23a சிடியில இருந்து 451a சிடியைக் கழிங்க: 5-க்குக் கீழ நல்லது, 7-க்கு மேல தூக்கிப் போடலாம்.

ஆனா நம்ம மலையில இதுக்கு ஒரு சிக்கல். 1952-லேயே இந்தியாவுல சிக்கிள் செல்லை (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரைக் கோளாறு) நீலகிரி ஆதிவாசி மக்கள்கிட்டதான் பதிவு பண்ணாங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் சாம்பிள் எடுத்தா அப்படிப்பட்டவங்க வரத்தான் செய்வாங்க. நோய் உள்ளவங்களுக்கு உடம்புக்குள்ளயே சிவப்பணு உடைஞ்சிட்டே இருக்கும். 451a, 16 எல்லாம் ஏறி நிக்கும். நீங்க ரத்தம் சரியா எடுக்கலைன்னு நினைச்சு அவங்க சாம்பிளைத் தூக்கிப் போட்டா, அந்த மக்களையே ஆய்வுல இருந்து தூக்கிப் போட்ட மாதிரி. ஹீமோகுளோபின் வகை காட்டுற எலக்ட்ரோபோரெசிஸ் முடிவைப் படிவத்துல வாங்கி, தனிக் குழுவா கணக்குப் போடுங்க. 16-ஐ அடிப்படையா வெச்சு எதையும் வகுக்காதீங்க.

கடைசியா, 208b-யும் 499-ம் நல்ல இதயம் உள்ளவங்க பிளாஸ்மாவுல கிட்டத்தட்ட இருக்காது. சிடி 35 தாண்டினா "இல்லை"ன்னு எழுதுங்க. 38-ஐயும் 36-ஐயும் வெச்சு நாலு மடங்குன்னு கணக்குப் போடறவங்க நிறைய. மாரடைப்புக்கு இதெல்லாம் ட்ரோப்போனினை விடப் பெருசா எதுவும் சொல்லிடாது, அதையும் திட்ட அறிக்கையில நேர்மையா எழுதிருங்க.

---

உதகை_இடதுஅறை:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். 5 மி.கி., 14 நாள் என்று திருத்தம் எழுதுகிறோம். 1, 7, 14-ஆம் நாள்களில் இதயம் எடுப்பதாகவும். ஒரே ஒரு சந்தேகம்: திரவ நைட்ரஜன் எல்லா நாளும் கிடைப்பதில்லை. ஆர்என்ஏலேட்டரில் (ஆர்என்ஏவைக் காக்கும் கரைசல்) போட்டால் போதுமா? பாட்டிலில் உப்பு மாதிரி வெள்ளையாக அடியில் உறைந்திருக்கிறது, கெட்டுப்போய்விட்டதா?

---

பைப்பெட்_குளிர்:

கெடலை. குளிருக்கு உப்பு பிரிஞ்சிருக்கு, ஊட்டியில அலமாரியில வெச்சாலே ஆகும். 37 டிகிரி வாட்டர் பாத்ல வெச்சு மெதுவா கலக்குங்க, முழுக்கக் கரைஞ்ச பிறகு எடுங்க. மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்தினா செறிவு குறைஞ்சு காப்பாத்தாது.

இதயத்தை முழுசா போடாதீங்க, உள்ளே இறங்காது. ரத்தத்தை குளிர்ந்த சலைன்ல கழுவிட்டு, ஒரு பக்கமாவது 5 மி.மீ.க்குள்ள இருக்கிற மாதிரி வெட்டி, 30-50 மி.கி. துண்டுக்கு அரை மில்லி கரைசல். ராத்திரி முழுக்க 4 டிகிரியில ஊறணும், அதுக்கு அப்புறம்தான் கரைசலை வடிச்சு மைனஸ் 80. ஒரு குழுவை நைட்ரஜன்லயும் இன்னொரு குழுவை ஆர்என்ஏலேட்டர்லயும் மட்டும் எடுத்துராதீங்க. நைட்ரஜன் வர்ற நாளைப் பார்த்து மாத்தாம, எல்லா எலிக்கும் ஒரே முறை.